வீட்டுக் கணக்கு வீட்டார் கையில் இருக்கட்டும்

கோயம்புத்தூரில் 1957-ஆம் ஆண்டில் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் பெண்களுக்கென ஒரு மனையியல் கல்லூரியை நிறுவி, ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அதனைப் பல்லாண்டுக் காலம் பேணி வளர்த்தபோது, அடுப்படியும் அஞ்சறைப் பெட்டியும் வரவுசெலவு நோட்டும் சாஸ்திர ரீதியாகக் கற்கத்தக்க விஷயங்களே என்னும் கொள்கை இந்நகரில் ஆழமாக ஊன்றப்பட்டது. குடும்ப வருவாயைத் திட்டமிட்டுச் செலவிடுதல் அக்கல்வியின் முக்கியமான அங்கங்களுள் ஒன்று.

அக்கொள்கை முன்னெப்போதையும்விட இன்று அவசியமாகிறது. 2016-இல் யுபிஐ முறை வந்தபின், உழவர் சந்தையில் கீரைக்கட்டு வாங்குவது முதல் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்துவது வரை யாவும் கைபேசியிலேயே முடிந்துவிடுகின்றபடியால், நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனத்தில் எழும் சிறு தயக்கமும் இல்லாது போயிற்று. ஆகவேதான், கணக்கு வைத்துக்கொள்ள ஆயத்தமாகக் கிடைக்கும் செயலி நல்லதா, எக்செல் போன்ற விரிதாள் நல்லதா என்னும் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு, வீட்டாரே தங்கள் தேவையறிந்து கட்டம் போட்டு அமைத்துக்கொள்ளும் விரிதாளே உகந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

செயலிகளுள் பெரும்பாலானவை, முதல் தேதியன்று சம்பளம் வாங்கும் ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. நம் பக்கத்து வருமானமோ அவ்வாறு வருவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சனிக்கிழமைதோறும் கூலி. பொள்ளாச்சித் தோப்புக்காரருக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒரு தேங்காய் வெட்டு. ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கோ, எட்டு ஒன்பது மாதம் பயிரைக் காத்து, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோன பின்னரே மொத்தமாகப் பணம் கைக்கு வருகிறது. அதுவரை சொசைட்டிக்கு ஊற்றும் பால்தான் பல வீடுகளில் அன்றாடச் செலவைத் தாங்குகிறது. வாரக்கூலிக்காரர் ஐம்பத்திரண்டு வரிகளாகவும், விவசாயி தை முதல் மார்கழி வரையிலுமாகத் தம் வருஷத்தைப் பிரித்துக்கொள்ள விரிதாள் இடங்கொடுக்கும்.

இதைவிட நுட்பமானது சீட்டுக் கணக்கு. இருபது பேர், இருபது மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 20,000 ரூபாய் தள்ளி ஒருவர் ஏலம் எடுத்தால் அவருக்குக் கிடைப்பது 80,000. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மிச்சம் 15,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு 750 வீதம் பிரிகிறது. அம்மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 4,250 மட்டுமே. இத்தொகையைச் செலவென்று பதிவு செய்துவிட்டால் கணக்கு பொய்த்துப்போகும். ஏனெனில், சீட்டை எடுக்கும் வரையில் கட்டுவது சேமிப்பு. எடுத்தபிறகு கட்டுவது கடனடைப்பு. எந்த மாதம் அது ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுகிறது என்பதை அறிந்தவர் வீட்டுக்காரரே. கட்டியது, பிரிந்து வந்த லாபம், எடுத்தபின் பாக்கி என்று மூன்று பத்திகள் போட்டால் முழு உண்மையும் தெளிவாகத் தெரிந்துவிடும். கல்யாண வீடுகளில் நாம் வைத்த மொய்யும் நமக்கு வந்த மொய்யும் இவ்வாறே தனிப்பத்தி பெறத்தக்கவை. அவை தலைமுறை தாண்டியும் திருப்பிச் செய்யப்படும் கடமைகளன்றோ!

விரிதாளின் மூலக் குணத்தையும் இங்கே சிந்திக்க வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்லின், கரும்பலகைக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்தெழுத வேண்டியிருந்த சிரமத்தைக் கண்டு, பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பரோடு சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்த யாவும் தாமே மாறிக்கொள்ளும் அந்தச் சக்திதான் குடும்பத்துக்குப் பெரும் பிரயோஜனம் தருவது. சீட்டை ஆனியில் எடுத்துப் பள்ளிக் கட்டணம் கட்டலாமா, தை வரை பொறுக்கலாமா, மஞ்சள் விலை இறங்கினால் எந்தச் செலவைத் தள்ளிவைப்பது என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே போட்டுப் பார்த்துத் தீர்மானிக்கலாம். நடந்துபோன செலவை வட்டப்படமாகக் காட்டுவதோடு பல செயலிகள் நின்றுவிடுகின்றன. வரவுசெலவுத் திட்டமோ வரப்போகும் நாட்களைப் பற்றியது.

நிலைபேறும் அந்தரங்கமும் அடுத்துக் கவனிக்கத்தக்கவை. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் நம்பிக் கணக்கு வைத்திருந்த மின்ட் என்னும் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. நம் தேசத்தில், வங்கிக் குறுஞ்செய்திகளைப் படித்துச் செலவைத் தொகுத்துத் தந்த வால்நட் செயலி, 2018-இல் கேபிடல் ஃபுளோட் என்னும் கடன் வழங்கும் நிறுவனத்தின் உடைமையாயிற்று. சட்டப்படி இவற்றில் குற்றமில்லை. எனினும், ஒரு குடும்பத்தின் வரவும் கடனும் யாரிடம் சென்று சேரும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அக்குடும்பத்தின் வசம் இருப்பதே நியாயம்.

செயலிகளே கூடாதென்று நான் சொல்லவரவில்லை. சரவணம்பட்டியில் கணினிக் கம்பெனியில் மாதச் சம்பளம் பெற்றுத் தனியே வாழும் இளைஞருக்கு, தானாகப் பதிவு செய்யும் செயலியே போதுமானது. ஒவ்வொரு செலவையும் தட்டெழுதும் சிரமம் அவருக்கு மிச்சம். சோமனூரிலும் பல்லடத்திலும் தறிக்குடோனும் வீடும் ஒரே வளவில் இருப்பவர்களுக்கோ, முதல் வேலை இரண்டு பைகளையும் பிரிப்பது. தறியின் கணக்கு டேலி போன்ற வியாபார மென்பொருளில் இருக்கட்டும்; அங்கிருந்து வீட்டுக்கு எடுத்த தொகை ஒரே வரியாக வீட்டுத் தாளில் ஏறட்டும். இல்லையேல், தறி நஷ்டத்தில் ஓடுவதை வீட்டுச் சேமிப்பும், வீட்டின் வீண்செலவைத் தறியின் லாபமும் மறைத்துவிடும்.

விரிதாளுக்கென்று விலை கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது, இணையமின்றியே இயங்கும், தமிழ் முகப்பும் உண்டு. கணவன், மனைவி இருவர் கைபேசியிலும் ஒரே தாளைத் திறந்து எழுத விரும்புவோர் கூகுள் ஷீட்ஸையோ, நம் தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஷீட்டையோ கொள்ளலாம். ஆனால் மாதமொருமுறை அதன் பிரதியொன்றை இறக்கி வீட்டிலேயே பத்திரப்படுத்துவது உசிதம்.

எந்தச் சாதனத்தை மேற்கொண்டாலும் ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. அந்தக் கணக்கு வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் புரிய வேண்டும்; குறிப்பாக, இல்லத்தரசியின் கைக்கும் கண்ணுக்கும் எட்ட வேண்டும். ஆண்மகனின் கைபேசிக்குள் கடவுச்சொல்லால் பூட்டிக் கிடக்கும் கணக்கு, அவர் நோய்வாய்ப்பட்ட நாளில் குடும்பத்தைத் திகைக்க வைத்துவிடும். ஆகவே, தலைப்புகளைத் தமிழில் எழுதுங்கள். பத்திகளைப் பத்துக்கு மேல் பெருக்காதீர்கள். ஞாயிறுதோறும் தம்பதிகள் சேர்ந்து அமர்ந்து அவ்வார வரவுசெலவைப் பதிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்பை எட்டிய பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே இதைத் தொடங்குங்கள்.