பருந்தை எண்ணுவது வீண்வேலையா?

ஐப்பசித் திங்களில் சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாய்ச் சிலர் தொலைநோக்கியும் குறிப்பேடும் ஏந்தி நிற்பதைக் கண்டு, "மனிதர் பசித்திருக்கப் பறவைக்குக் கணக்கெடுப்பா?" என்று வினவுவோர் நம்மிடையே பலர். வினா அறச்சினத்தோடு ஒலிக்கிறது. எனினும், இவ்வாறு கேட்போருள் எத்தனை பேர் பெருங்குடியில் அதே சதுப்பின்மேல் மாநகரின் குப்பை மலையாய்க் குவிக்கப்பட்டபோது வாய் திறந்தனர்?

மனிதனா, பறவையா என்று எதிரெதிரே நிறுத்துவதே பிழை. 1960-களில் ஐயாயிரம் எக்டேருக்கும் மேல் விரிந்திருந்த கழுவெளி அது. 'பயனற்ற நிலம்' என்ற ஒற்றைச் சொல்லைத் துணையாகக் கொண்டு சாலையும் குப்பைமேடும் அடுக்குமாடிகளும் அதைத் தின்றன. எஞ்சியதில் 317 எக்டேர் 2007-இல் காப்புக்காடாயிற்று. மழைநீர் தங்க வேண்டிய பள்ளத்தை மூடினால் நீர் எங்கே போகும் என்பதை 2015 டிசம்பரில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் கண்டன. அன்று தட்டுமுட்டுச் சாமான்களைத் தலையில் சுமந்து வெளியேறிய ஏழைக்கும், கோரைப்புல்லை இழந்த பறவைக்கும் பகை யாதொன்றுமில்லை. இருவரையும் கெடுத்த கை ஒன்றே.

'பயனற்றது' என்ற சொல்லை மறுக்க நம்மிடம் உள்ள சான்று எண்ணிக்கையே. 1971-இல் உருவான ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களுள் இரண்டு முற்றிலும் எண்களால் ஆனவை: இருபதாயிரம் நீர்ப்பறவைகளை ஒழுங்காகத் தாங்கும் நிலம், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கைத் தாங்கும் நிலம், உலக முதன்மை பெறும். குறிப்பேட்டில் ஏறாத பறவை இங்கே வழக்காட முடியாது. பள்ளிக்கரணை 2022-இல் 1,247.54 எக்டேர் பரப்போடு அப்பட்டியலில் இடம்பெற்றதை நினைவிற்கொண்டு, ஏளனம் செய்வோர் சற்றே அடக்கம் காட்டலாம்.

எண்ணுவோரிடமும் எனக்கொரு வழக்கு உண்டு. 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சனவரியில் நிகழ்வது. வாத்தும் நாரையும் அமைதியாய்த் தங்கியிருக்கும் காலம் அது. பத்துப் பறவை அடைக்கும் இடத்தை மனத்தில் அளந்து, கூட்டம் முழுவதையும் மதிப்பிட்டுவிடலாம். ஆனால் இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வந்து, சில நாள் இரைதேடி, இலங்கைவரை கடந்து போகும் பறவைகளைத் தை மாதத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சேற்றுப் பூனைப்பருந்து நூற்றுக்கணக்கில் அணிவகுப்பதுமில்லை. கோரைக்குமேல் தாழப் பறந்து, இறக்கையைச் சற்றே உயர்த்தி மிதந்து, எலியையோ தவளையையோ கண்டதும் சட்டென்று விழும். தலை வெளிறிய பழுப்புப் பெடையா, இறக்கையில் சாம்பல் நிறமும் கருநுனியும் கொண்ட சேவலா, எத்திசையில் சென்றது, எம்மணிக்கு என்றெல்லாம் எழுதாவிடில் ஒன்றே மூன்றாகிவிடும். பொறுமை வேண்டும் வேலை. செய்தித்தாளுக்குப் பெரிய எண் தராத வேலை. அதனாலேயே கைவிடப்படுகிறது. பூநாரை ஆயிரம் என்றால் படம் வெளியாகிறது. பருந்து மூன்று என்றால் யார் கேட்கிறார்? ஆயினும் அம்மூன்றும் இருந்தாலன்றோ கோரையும் அதனுள் வாழும் உயிர்களும் நலம் என்று அறிவோம்? மேலும், பிற ஏரிகள் வறண்ட ஆண்டில் எஞ்சிய நீரில் பறவைகள் நெருங்கும். அப்போது 'பெருகிவிட்டன' என மகிழ்வது பேதைமை.

எண்ணிக்கை என்ன செய்யவல்லது என்பதற்கு நாகாலாந்து சான்று. 2012-இன் இலையுதிர் காலத்தில் தோயாங் நீர்த்தேக்கத்தருகே அமூர் வல்லூறுகள் வலைகளில் சிக்கி நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் முதல் பதினான்காயிரம்வரை கொல்லப்பட்டதாக மதிப்பீடு வெளிவந்தது. 'கொஞ்சம் வேட்டை' என்று சொல்லித் தப்ப அதன்பின் எவராலும் இயலவில்லை. வனத்துறையினரும் ஊர் அவைகளும் அங்குள்ள தேவாலயங்களும் முனைந்தனர். மறு ஆண்டே அக்கொலை நின்றது. வேட்டையால் பிழைத்த ஏழைகள் அவர்கள் என்பதையும் மறவாதிருப்போம். பசியைக் காட்டிப் பறவைக் கணக்கை இகழ்வோர் அவர்கள்முன் என்ன சொல்வர்?

ஆகவே கேட்கிறேன்: ஐப்பசி முதல் பங்குனிவரை, இரு கிழமைக்கொருமுறை, பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரம், ஒரே இடத்தில் நின்று பருந்துகளை எண்ண நம் இளையோர் குழுக்களும் கல்லூரிகளும் முன்வரட்டும். எதுவும் வராத மாலையில் சுழியம் என்று எழுதி, நாளும் நேரமும் குறித்து, அத்தாளையும் வனத்துறையிடம் சேர்க்கட்டும்.