ஏற ஏறத் தமிழுக்குத் தாழ்ப்பாள்!

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பயிலும் உழவன் மகள், வீட்டின் ஆண்டு வருவாய் 3,50,000 உருபாவுக்கு மேற்படாதாயின், ஒன்றிய அரசின் உதவித்தொகைத் தேர்வைத் தமிழிலேயே எழுதுகின்றாள். மனத்திறனுக்கு 90 வினா. கற்ற கல்விக்கு 90 வினா. வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 உருபா. தமிழ்நாட்டரசு 2022-இல் தொடங்கிய திறனறித் தேர்வோ, தமிழறிவையே அளவுகோலாக்கிப் பதினோராம் வகுப்பினர் 1,500 பேர்க்குத் திங்கள்தோறும் 1,500 உருபா வழங்குகின்றது. நன்று!

அவளே முதுகலை முடித்து ஆராய்ச்சிக்கு வரட்டும்! பல்கலைக்கழக நல்கைக் குழுவின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, 2023 முதல் திங்களுக்கு 37,000 உருபா. அதற்குரிய தேர்வில் 150 வினா, 300 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! மொழித்துறையினர்க்கு விலக்குண்டு, அதுவும் இரண்டாம் தாளுக்கே. தொல்காப்பியம் ஆயப் புகுபவளும் முதல் தாளின் 50 வினாவை வேற்றுமொழியிற் படித்தே விடை குறித்தல் வேண்டும். இந்தியனைவர்க்கும் பொதுவென்னும் அத்தேர்வில் இந்தியைத் தாய்மொழியாக உடையவனுக்கு மட்டும் இத்தொல்லை இல்லை.

தமிழ்வழியில் வரலாறோ பொருளியலோ பயின்றவள் நிலை இன்னும் கொடிது: 300 மதிப்பெண்ணும் அயன்மொழியில்!

இயலாமை என்று இதற்குச் சாக்குரைக்க முடியுமா? இதே தேர்வு முகமைதான் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வைத் (அது வேண்டாத தேர்வென்பது வேறு) தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்துகின்றது. அங்குக் கிடைக்கும் மொழிபெயர்ப்பாளர் இங்கு மட்டும் எங்கே மறைந்தனர்?