தாய்மார் படிப்புக்கு உதவியில்லை என்பார்க்கு

வடபழனியில், ஆற்காடு சாலைத் தையற்கடைகளிலும் முருகன் கோயிலை ஒட்டிய பூக்கடைகளிலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து வேலையில் அமரும் தாய்மார்களில் ஒருவர், விட்டுப்போன படிப்பைத் தொடரலாமா, வேறொரு தொழிலைக் கற்கலாமா என்று வாய்திறந்து கேட்பாராயின், சுற்றியிருப்போர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: வயது கடந்துவிட்டது, சர்க்கார் உதவி இளம்பிள்ளைகளுக்கே உரியது, வங்கி கடன் தராது, கையிலிருப்பதைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள். பரிவோடு சொல்லப்படும் இந்த அபிப்பிராயம் பெரும்பகுதியும் ஆதாரமற்றது.

முதலில் வயது. அரசுக் கலைக்கல்லூரிகளின் பகல்நேர வகுப்புகளில் வயது வரம்பு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழக அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஆண்களுக்கு 40 வயது என்று வரம்பிருக்க, பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. பயிற்சிக் கட்டணமின்றி, மாதந்தோறும் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். கிண்டியில் மகளிர்க்கென்றே அத்தகைய நிலையம் ஒன்று நடைபெறுகிறது. இஃது இன்று முளைத்த எண்ணமுமன்று. வயதுவந்த பெண்களுக்காகவே சகோதரி சுப்பலட்சுமி 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தை நிறுவினார். இதே சென்னையில் ஆந்திர மகிளா சபையைத் தொடங்கிய துர்காபாய் தேஷ்முக் தலைமை வகித்த மத்திய சமூகநல வாரியமோ, பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெண்கள் குறுகிய காலத்தில் அதனை முடிப்பதற்கான வகுப்புகளுக்கு 1958 முதல் பொருளுதவி செய்தது.

உதவித்தொகை இளையோர்க்கே என்னும் கூற்றைச் சற்று நிதானித்து நோக்கவேண்டும். பட்டியல் இனத்து மாணவர்க்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பிற்காக வழங்கப்படும் மத்திய அரசின் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருக்கவேண்டும். அவ்வருமானத்தைக் கணக்கிடும் முறையை விளக்குமிடத்து, மாணவி மணமாகி உத்தியோகமின்றி இருப்பாளாயின் கணவரின் வருமானமே கொள்ளப்படும் என்று அதன் விதி நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறது. மணமான பெண் மாணவியாக வருவாள் என்று எண்ணிப் பாராதவர்கள் எழுதியிருக்கக்கூடிய வாசகமா அது? விதியை இயற்றியவர்களுக்குத் தோன்றியது, விண்ணப்பம் எழுதிக்கொடுக்க வேண்டிய நமக்குத் தோன்றாமற் போனது பெரிய குறை.

வங்கியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் மாணவரின் வயதுக்கு எல்லை குறிக்கவில்லை, 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடும் வேண்டுவதில்லை. கடன் கடன்தான், திருப்பிக் கட்டவேண்டும். ஆகையால் கட்டணமில்லாத வழிகளைத் தேடிப் பார்த்த பின்பே அதனை நாடுவது நலம். ஆயினும் வயதைக் காரணங்காட்டி விண்ணப்பத்தை வாங்க மறுப்பவரிடம், அம்மறுப்பை எழுத்தில் தரும்படி ஒரு தாய் தயங்காமல் கேட்கலாம்.

பிள்ளையின் பங்கைத் தாய் பறிக்கிறாள் என்பது மனத்தைப் புண்படுத்தும் குற்றச்சாட்டு. கட்டணமே இல்லாத பயிற்சியில் சேர்பவள் பிள்ளையின் கட்டணத்திலிருந்து எதை எடுக்கிறாள்?

எதிர்த்தரப்பார் சொல்வதில் நான் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு. வகுப்புக்குப் போகும் நாளில் இழக்கும் கூலியை 750 ரூபாய் ஈடுசெய்யாது. மூன்று வயதுக் குழந்தையை அந்நேரத்தில் யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு மேற்சொன்ன எந்தத் திட்டத்திலும் விடையில்லை. படிக்காதே என்று அவளைத் தடுப்பதைவிட, பயிற்சி நிலையந்தோறும் ஒரு குழந்தைக் காப்பகம் வேண்டுமென்று அவர்கள் மனு எழுதுவார்களாயின், அதில் முதற் கையெழுத்தை நான் இடுவேன்.