குட்டி யானையும் மதிப்புரைக்காரர்களும்

புஸ்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர் அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பது நேயர்கள் அறிந்த விஷயம். இரண்டு பிரதிகள் இனாமாக வந்து சேரும். படித்தாலும் படிக்காவிட்டாலும் அபிப்பிராயம் சொல்லிவிடலாம். மோட்டார் வண்டிகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். கம்பெனியார் புத்தம் புது வண்டியைக் கழுவித் துடைத்து, டாங்கி நிறைய டீசலும் ஊற்றி அனுப்புகிறார்கள். மதிப்புரைக்காரர் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சிறு லாரி வாங்குகிறவரோ, கடன் கொடுத்தவர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனாலொழிய அதைத் திருப்பிக் கொடுப்பதற்கில்லை!

ஆகவே மதிப்புரைகளைப் பற்றி வண்டிக்காரர்கள் கொஞ்சம் காரமாகப் பேசுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "இருக்கை கடினமாயிருக்கிறது", "எஞ்சின் சப்தம் அதிகம்", "உள்ளே பிளாஸ்டிக் மட்டரகம்" என்றெல்லாம் நிபுணர்கள் குறை சொன்னால், வாடகைக்கு வண்டி நிறுத்தும் இடங்களில் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பிளாஸ்டிக்கையா வாடகைக்கு விடுகிறோம் என்பது அவர்களுடைய கேள்வி.

2005-ம் வருஷம் டாட்டா கம்பெனியார் 'ஏஸ்' என்னும் சிறு லாரியை வெளியிட்டபோது இந்த வேற்றுமை நன்றாகத் தெரிந்தது. கிரீஷ் வாக் என்பவரின் தலைமையில் ஒரு கூட்டத்தார், மூன்று சக்கரச் சாமான் வண்டி ஓட்டுகிறவர்களிடம் நேரில் போய் விசாரித்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அறிந்த பிறகே வண்டியை உருவாக்கினார்கள். நாலு சக்கர வண்டி இருந்தால் ஊரில் தனக்குப் பெண் கொடுப்பார்கள் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாக ஒரு கதையும் உண்டு. 'இண்டிகா' காரின் எஞ்சினைப் பாதியாக்கி இரண்டு சிலிண்டர், 702 கன சென்டிமீட்டர் அளவில் ஒரு டீசல் எஞ்சின் செய்தார்கள். அதன் சக்தி 16 குதிரைகள். சுமை 750 கிலோ. விலை சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய். கார்களோடு பழகியவர்களுக்குப் பதினாறு குதிரை என்றால் சிரிப்பு வராமலிராது. ஆனால் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று நாமகரணம் செய்தார்கள். குதிரைகளை எண்ணியவர்கள் நிபுணர்கள். யானையைக் கண்டவர்கள் வண்டிக்காரர்கள். பன்னிரண்டு வருஷங்களில் 20 லட்சம் வண்டிகள் விற்றன. பின்னர் வந்த வண்டிகள் பல. 2011-ல் ஓசூரிலிருந்து புறப்பட்ட அசோக் லேலண்டின் 'தோஸ்த்' ஒன்றேகால் டன் சுமையோடு வந்தது. மகிந்திராவின் 'பொலிரோ பிக்கப்'போ கிராமத்துச் சாலைகளைச் சொந்தம் கொண்டாடுகிறது. ஆயினும் நம் பக்கத்தில் எந்தச் சிறு லாரியைக் கண்டாலும் "குட்டி யானை வந்தாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. மாசி, பங்குனி மாதங்களில் திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணி சென்னைக்குப் போகிறது. கோயம்பேட்டுக்கு விடியுமுன் போய்ச் சேராவிட்டால் விலை இறங்கிவிடும். வழியில் ஆத்தூர், பரனூர் என்று இரண்டு சுங்கச்சாவடிகள். சிறு லாரிக்குக் கார்களைவிடக் கட்டணம் அதிகம். திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி. ஆகவே போகும்போது எத்தனை பழம் ஏற்றலாம் என்பதே பிரதானம். மறுபடியும் மரக்காணத்தில் உப்பு ஏற்றுகிறவரின் கவலை தனி. ஈர உப்பு தகட்டின் மடிப்புகளில் இறங்கித் துருவாகிறது. மூன்றாம் வருஷம் அடித்தட்டு எப்படி இருக்கும் என்பதை மூன்று நாள் ஓட்டியவர் எப்படிச் சொல்ல முடியும்? அவர்மேல் குற்றமில்லை. ஆனால் சொல்ல முடியாது என்பதையாவது அவர் ஒரு வரி எழுதலாம்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை உண்டு. அங்கே சிறு பிக்கப் வைத்திருப்பவர்களில் அநேகர் ஆபீஸுக்கும் கடைக்கும் போய் வருகிறவர்கள். 2021-ல் போர்டு கம்பெனி 'மாவெரிக்' என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. சிறிய பிக்கப்புகள் அங்கே அருகிப்போனதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டார்கள் என்று, பதிலுக்கு அமெரிக்க அரசாங்கம் 1964 முதல் வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 சதவிகித வரி விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்துவிட்டது; லாரி வரி ஓயவில்லை.

இதுவரையில் வண்டிக்காரர்களின் பக்கம் பேசியாயிற்று. ஆனால் எல்லாவற்றிலும் அவர்களையே நம்பிவிடுவதும் சரியல்ல. மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, அறுபது தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர் தம் வண்டியைக் குறை சொல்லத் துணிவாரா? தம் பிள்ளையைப் போலவே அதையும் புகழ்வார். பிரேக் விஷயத்தில் நிபுணர்கள் எழுதுவதையே நாம் நம்பவேண்டும். 750 கிலோவுக்குச் செய்த வண்டியில் கமான்பட்டையில் ஒரு பட்டை கூட்டிப் போட்டு அதன் இரட்டிப்பு ஏற்றுகிறவர், "பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பட்டை கூடினால் வண்டி தாழாமல் நிற்கும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. 2019-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மேற்கொண்டு டன்னுக்கு 2,000. முகூர்த்த நாட்களில் பெண்களையும் குழந்தைகளையும் சாமான் வண்டியில் நிறுத்தி அழைத்துப் போகிறார்களே, அதற்கு எந்த அபராதமும் போதாது.

இரு தரப்பாரும் அதிகம் பேசாத சங்கதி ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தது. அதற்காகப் பெரும்பாலான டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். கரி அதில் தங்குகிறது. வண்டி நெடுந்தூரம் ஒரே சீரான வேகத்தில் ஓடினால் உஷ்ணம் ஏறி அந்தக் கரி எரிந்து போய்விடும். மதிப்புரைக்காரர் நெடுஞ்சாலையில்தான் ஓட்டுகிறார். ஆகையால் அவருக்குத் தொல்லை தெரிவதில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகிறவருக்கும் தெரியாது. ஆனால் விழுப்புரம் கடைத்தெருவில் மூன்று கிலோமீட்டர் போவது, நிறுத்துவது, அரிசி மூட்டை இறக்குவது, மறுபடி கிளப்புவது என்று நாள் முழுதும் ஓட்டுகிறவருக்குக் கரி எரிவதற்கு அவகாசமே இல்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, இழுவை குறைகிறது. பட்டறைக்குப் போனால் ஒரு நாள் வாடகை நஷ்டம். ஒரே வண்டியை ஒருவர் பிரமாதம் என்கிறார், இன்னொருவர் பாழ் என்கிறார். இரண்டும் மெய்தான். கடைத்தெருவுக்குள்ளேயே சுற்றுகிறவர் பெட்ரோல் வண்டியையோ காஸ் வண்டியையோ பார்ப்பது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

நமது குடும்பங்களில் படிப்பு முடித்த தம்பியோ மருமானோ வேலை கிடைக்காமல், "ஒரு சிறு லாரி வாங்கி ஓட்டுகிறேன்" என்று சொல்வது இப்போது சகஜம். அப்படிச் சொன்னால் சிரிக்க வேண்டாம், கௌரவமான தொழில்தான். மதிப்புரைகளை அவர் படிக்கட்டும். படித்துவிட்டு, எந்தச் சரக்கு, எந்த ஊருக்கு, திரும்பி வரும்போது என்ன ஏற்றுவது என்ற மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதட்டும். பிறகு, வண்டி விற்கிறவரிடம் அல்ல, ஐந்து வருஷம் ஓடின வண்டிகளை வாங்கி விற்கும் தரகரிடம் போய், எந்த வண்டிக்கு என்ன விலை தருவார் என்று கேட்கட்டும். அவர் நாலு வரி எழுதுவதில்லை. பம்பரை ஒரு தட்டுத் தட்டி, அடித்தட்டைக் குனிந்து பார்த்து, ஒரு தொகை சொல்லுவார்.