பீடித் துண்டும் பூட்டிய கதவும்

மில்லில் தீப்பிடித்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வருகிறது? முதல் வரியில், எத்தனை லட்சம் ரூபாய்ப் பஞ்சு நாசமாயிற்று என்ற கணக்கு. இரண்டாவது வரியில், எவனோ ஒரு தொழிலாளி பீடியை அணைக்காமல் போட்டதே காரணமாக இருக்கலாம் என்ற தீர்ப்பு. செத்தவர்கள் யார், அவர்கள் ஏன் வெளியே ஓட முடியவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பத்தியில் இடமே இருப்பதில்லை.

இதே பத்திரிகைகள் இன்னொரு பக்கத்தில் எழுதுவதையும் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். ஆலைக்குள் அதிகாரி நுழைவதே தொழிலுக்குக் கேடாம்! 'இன்ஸ்பெக்டர் ராஜ்' ஒழிந்தால்தான் நாடு முன்னேறுமாம்! முதலாளிமார் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் பாடிவந்த இந்தப் பாட்டுக்கு மத்திய சர்க்கார் தாளம் போட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கும் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வெறும் இன்ஸ்பெக்டர் என்ற பெயர்கூட இல்லை. ஆய்வாளரும் அவரே, வசதி செய்து கொடுப்பவரும் அவரே என்று பெயரை மாற்றிவிட்டார்கள். யாருக்கு வசதி என்று நாம் கேட்கிறோம்.

இந்தப் பாட்டுக்குப் பதில் சொல்ல மாஸ்கோவுக்குப் போக வேண்டியதில்லை. டாலர் ராஜ்யத்தின் நடுவீடான நியூயார்க்குக்கே போவோம்.

அமெரிக்காவில் பல நகரசபைகளுக்குச் சொந்தத் தீயணைப்புப் படை உண்டு. அதில் 'பயர் மார்ஷல்' என்று ஓர் அதிகாரி. சிறிய ஊர்களில் இவருக்கு இரண்டு வேலை. முதல் வேலை தீப்பிடிப்பதற்கு முன். ஆலை, கடை, பள்ளிக்கூடம், சினிமாக் கொட்டகை எல்லாவற்றுக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும். வெளியேறும் வழி எத்தனை? கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? படிக்கட்டில் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்களா? கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் குழாய் வேலை செய்கிறதா? இந்த ஹாலில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எண்ணிக்கை எழுதிப் போட்டிருக்கிறதா? குறை கண்டால் உத்தரவு போடுவார், கேட்காவிட்டால் வழக்கு, ஆபத்து பெரிதென்றால் ஆட்களை வெளியேற்றிக் கட்டிடத்தையே மூடலாம். இரண்டாவது வேலை தீ அணைந்த பின். சாம்பலைக் கிளறி, தீ எங்கே பிறந்தது, எப்படிப் பிறந்தது, யாராவது வைத்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும். நியூயார்க் போன்ற பெருநகரத்தில் இந்த இரண்டும் இப்போது தனித்தனிப் பிரிவு. மார்ஷல்கள் துப்புத் துலக்குகிறார்கள். தடுப்புப் பிரிவு சோதனைக்குப் போகிறது.

முதல் வேலை ஒழுங்காக நடக்காமல் இரண்டாவது வேலை மட்டும் நடந்தால் அந்த அதிகாரி யார்? சாம்பலுக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா! 1911ல் நியூயார்க்கில் இதுதான் நிலைமை. ஆலைகளைச் சோதிக்கும் அதிகாரம் பல இலாகாக்களுக்குள் சிதறிக் கிடந்தது. ஒருவர் இன்னொருவர் மேல் கை காட்டினார்.

146 உயிர்கள்

அந்த ஆண்டு மார்ச் 25, சனிக்கிழமை. ஆஷ் கட்டிடம் என்ற பத்து மாடிக் கட்டிடத்தில் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் ரவிக்கைக் கம்பெனி. உள்ளே சுமார் 500 பேர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பெண்கள். 14 வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். மாலை வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில், துணி வெட்டும் மேஜைக்கு அடியில் தீ பிடித்தது. பத்தாவது மாடி ஆபீசுக்கு டெலிபோனில் தகவல் போயிற்று. முதலாளிகள் மேக்ஸ் பிளாங்கும் ஐசக் ஹாரிசும் கூரை வழியே தப்பினார்கள். நடுவில் ஒன்பதாவது மாடிக்கு எவரும் தகவல் சொல்லவில்லை. அங்கே வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த மேஸ்திரி வேறு வழியில் இறங்கிப் போய்விட்டான். வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைப்புப் படை ஓடி வந்தது; அதன் ஏணி எட்டாவது மாடியைக்கூட எட்டவில்லை. 60க்கு மேற்பட்டவர்கள் ஜன்னல் வழியே குதித்தும் விழுந்தும் தெருவில் சிதறினார்கள். மொத்தம் 146 பேர் மாண்டார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். லிப்ட் ஓட்டிய இரண்டு தொழிலாளிகள் புகைக்குள் மேலும் கீழும் போய் வந்து காப்பாற்றியிராவிட்டால் இந்தக் கணக்கு இன்னும் ஏறியிருக்கும்.

கட்டிடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தீயைத் தாங்கும் கட்டிடம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள், அது பொய்யில்லை. இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

அந்தக் கதவு ஏன் பூட்டியிருந்தது? வேலை முடிந்து போகும் பெண்கள் ஒரே வாசல் வழியாகப் போக வேண்டும். கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும். துண்டுத் துணி எதையும் திருடிப் போகக் கூடாது! சரி, எவ்வளவு திருட்டுப் போயிற்று என்று கோர்ட்டில் கேட்டார்கள். ஹாரிஸ் சொன்ன கணக்கு 25 டாலரைக்கூட எட்டவில்லை.

இனி பயர் மார்ஷலின் விஷயத்துக்கு வருவோம். அவர் பெயர் வில்லியம் பியர்ஸ். சாம்பலைக் கிளறினார், சாட்சிகளை விசாரித்தார், முடிவு சொன்னார்: அணையாத தீக்குச்சியோ சிகரெட்டுத் துண்டோ கழிவுத் துணிப் பெட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. தம் வேலையை நேர்மையாகவே செய்தார். ஆனால் அவரது முடிவிலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது: அந்தப் பெட்டியில் இரண்டு மாதக் கழிவுத் துணி சேர்ந்து கிடந்தது. சிகரெட்டைப் போட்டவன் ஒரு நிமிஷத்துக் குற்றவாளி. கழிவை அன்றாடம் அப்புறப்படுத்தினால் கூலி செலவு. சேர்த்து வைத்தால் வியாபாரி காசு கொடுத்து அள்ளிப் போவான். இரண்டு மாதம் எரிபொருளைச் சேர்த்து வைத்தது யார்? மாடி நிறையப் பெண்களை உட்கார வைத்துக் கதவைப் பூட்டியது யார்?

தீ எப்படிப் பிறந்தது என்பது ஒரு கேள்வி. மனிதர் ஏன் செத்தார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் பீடித் துண்டாக இருக்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் ஒருநாளும் பீடித் துண்டாக இருக்க முடியாது! முதலாளிப் பத்திரிகை இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறதே, அதுதான் அதன் பித்தலாட்டம்.

கோர்ட்டில் நடந்ததைக் கேளுங்கள். இரு முதலாளிகள் மேலும் மனிதக் கொலை வழக்கு. அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று ருசுவாக வேண்டும் என்றார் நீதிபதி. ருசுவாகவில்லை என்று 1911 டிசம்பரில் ஜூரிகள் இருவரையும் விடுதலை செய்தார்கள். நஷ்டத்தைவிடச் சுமார் 60,000 டாலர் அதிகமாக அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்தது. செத்த ஆள் ஒன்றுக்கு 400 டாலருக்கு மேல் வரும்படி! வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு 1914ல் கிடைத்தது உயிருக்கு 75 டாலர். 1913ல் இதே பிளாங்க் தன் ஆலையில் வேலை நேரத்தில் மறுபடியும் கதவைப் பூட்டிப் பிடிபட்டான். அபராதம் 20 டாலர்.

சட்டம் வந்த வழி

அதன் பிறகு நியூயார்க்கில் சட்டங்கள் வந்தன. 1911 அக்டோபரில் தீயணைப்புப் படைக்குள் தடுப்புப் பிரிவு ஒன்று சட்டப்படி ஏற்பட்டது. மாகாண விசாரணைக் கமிஷன் ஆலை ஆலையாக ஏறி இறங்கியது. வேலை நேரத்தில் கதவைப் பூட்டத் தடை, தண்ணீர் தெளிக்கும் குழாய், தீப் பயிற்சி என்று சில ஆண்டுகளில் 30க்கு மேற்பட்ட சட்டங்கள். முதலாளிகளின் மனம் இளகியதால் வந்தவையா இவை? 1909 நவம்பரில் அந்நகரின் தையல் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், சுமார் 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் தடி, சிறை எல்லாவற்றையும் கண்டார்கள். பல கம்பெனிகள் பணிந்தன. சங்கத்தை ஏற்க மாட்டேன் என்று நின்ற கம்பெனிகளில் டிரையாங்கிளும் ஒன்று. தீக்குப் பிறகு, 1911 ஏப்ரல் 5ந் தேதி கொட்டும் மழையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலம்தான் சட்டசபைக் கதவைத் தட்டியது.

ஏட்டில் சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அந்த நாடே சாட்சி. வட கரோலினா மாகாணத்தில் ஹாம்லட் என்றொரு சிற்றூர். 1991 செப்டம்பர் 3ந் தேதி அங்கே ஒரு கோழிக்கறி ஆலையில் தீ. 25 பேர் மாண்டார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. காரணம்? தொழிலாளிகள் கோழிக்கறியைத் திருடிவிடுவார்களாம்! 80 ஆண்டு கழிந்தும் அதே பூட்டு, அதே சாக்கு. அந்த ஆலை நடந்த 11 ஆண்டுகளில் தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. ஆனால் கறியைச் சோதிக்கும் சர்க்கார் அதிகாரி வந்துகொண்டுதான் இருந்தார். கோழிக்கு இருந்த இன்ஸ்பெக்டர் மனிதனுக்கு இல்லை! முதலாளிக்கு ஏறக்குறைய 20 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். ஐந்து ஆண்டு முடியுமுன் வெளியே வந்துவிட்டான்.

கராச்சியில் 2012 செப்டம்பர் 11ந் தேதி ஒரு துணி ஆலையில் 250க்கு மேற்பட்டவர்கள் எரிந்தார்கள். பணம் பறிக்க வந்த கும்பல் வைத்த தீ என்று 2020ல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். ஜன்னல்களில் இரும்புக் கம்பி அடித்ததும் வாசல்களைப் பூட்டியதும் அந்தக் கும்பலா? சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு வெளிநாட்டுத் தனியார் கம்பெனி ஒன்று நற்சான்று கொடுத்திருந்தது. சர்க்கார் இன்ஸ்பெக்டருக்குப் பதில் தனியார் சான்றிதழ் போதும் என்பவர்கள் அந்தக் கம்பிகளை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் ஊரில்

தமிழ்நாட்டில் பயர் மார்ஷல் என்ற உத்தியோகம் கிடையாது. அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை, நகரசபைக்குத் தரத்தக்க வேலைகளில் தீயணைப்பையும் சேர்த்திருக்கிறது; ஆனாலும் இங்கே அது மாநில சர்க்காரின் இலாகா. தடையில்லாச் சான்று தருவது அவர்கள். ஆலைக்குள் பார்ப்பது தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். கட்டிட அனுமதி இன்னொருவர். 1911ல் நியூயார்க்கில் இருந்த அதே கை காட்டும் வித்தைக்கு வேண்டிய இடம் இங்கேயும் இருக்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ந் தேதி 94 குழந்தைகள் எரிந்தார்களே, அந்தக் கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் ஒரே இரவில் முளைத்தவையா? எத்தனை இலாகாக்காரர்கள் அந்தத் தெரு வழியே போய் வந்திருப்பார்கள்!

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சு பேலுக்குள் ஓர் இரும்புத் துண்டு வந்தால், புளோ ரூமில் பீட்டர் அடிக்கும்போது பொறி கிளம்பும். அதைப் பிடிக்கக் காந்தம் வைக்க வேண்டும், காந்தத்தைத் துடைக்க வேண்டும். மோட்டார் மேல் பஞ்சுத் தூசி படிந்தாலும் பேரிங் சூடேறினாலும் தீதான். இதில் எந்தத் தொழிலாளி பீடி குடித்தான்?

புதிய சட்டத் தொகுப்பு என்ன செய்கிறது? மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 ஆக்கியிருக்கிறது; மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பதை 40 ஆக்கியிருக்கிறது. இடையில் சிக்கிய சிறு பட்டறைத் தொழிலாளிகள் 'தொழிற்சாலை' என்ற காவலுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். எந்த ஆலைக்குச் சோதனைக்குப் போவது என்பதை இனிக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லுமாம்.

இன்ஸ்பெக்டர் லஞ்சம் வாங்குகிறாரே, அவர் வந்து என்ன, வராமல் என்ன என்று சில தோழர்களே கேட்கிறார்கள். வாங்குகிறவர்கள் உண்டு, நாம் மறைக்கவில்லை. ஆனால் லஞ்சம் கொடுப்பது யார்? கொடுக்கிறவனே 'ஊழல் பெருத்துவிட்டது, இன்ஸ்பெக்டரை ஒழி' என்கிறான். எலி பிடிக்காத பூனையை மாற்றச் சொல்லி எலி மனுக் கொடுக்குமா? இன்ஸ்பெக்டர் முதலாளியின் காரில் வந்து ஆபீஸ் ரூமில் காபி குடித்துப் போவதை நாம் ஏற்கவில்லை. அவர் ஷெட்டுக்குள் வரவேண்டும். சங்கப் பிரதிநிதி கூடவே நடக்க வேண்டும். அவர் எழுதும் அறிக்கையை மில் வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். இதுதான் நமது கோரிக்கை.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஷிப்ட் மாறும்போது பின்கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பெண் தொழிலாளிகளின் விடுதியில் இரவில் வெளிக்கதவு பூட்டப்படுகிறதா என்று அந்தச் சகோதரிகளிடம் விசாரியுங்கள். கண்டதை எழுதி, மில் நிர்வாகத்துக்கும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மனுக் கொடுங்கள். நியூயார்க் முதலாளிகள் தப்பியது, கதவு பூட்டியிருந்தது தங்களுக்குத் தெரியாது என்ற ஒரே வாதத்தில். ஆகவே, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதி முத்திரையும் வாங்கி, நகலைச் சங்க ஆபீசில் பத்திரப்படுத்துங்கள்.