ப்ரூடர் என்றால் பிரதர் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகரலாம், கோபிக்க மாட்டேன். ஜெர்மன் படிப்பவர்களும், பிள்ளையை ஜெர்மன் வகுப்பில் சேர்த்திருப்பவர்களும் மட்டும் கடைசி வரை படியுங்கள்.

நம் வட்டத்தில் இப்போது வீட்டுக்கு ஒருவர் ஜெர்மன் படிக்கிறார். மேல்படிப்புக்குப் போகிறவர், நர்ஸ் வேலைக்குப் போகிறவர், கணவரோடு போய்ச் சேர ஏ1 எழுதுகிறவர். என் பேத்தி படிக்கிறாள். அவள் புத்தகத்தை வாங்கி நானும் படிக்கிறேன். அவளுக்கு வகுப்பில் கொடுத்த தாளில் குடும்பச் சொற்கள் இருக்கின்றன. இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் இங்கிலீஷ். ப்ரூடர் – பிரதர். அவ்வளவுதான். கேட்டால், "கிராமர் அப்புறம், முதலில் பேசிப் பழகுங்கள்" என்கிறார்களாம். இதற்குக் கட்டணம் வேறு, ஆயிரக்கணக்கில்.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஜெர்மனை இங்கிலீஷ் வழியாகச் சொல்லித்தருவது, அவள் கையில் இருக்கும் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பூட்டை உடைக்கச் சொல்வது மாதிரி. இதுதான் என் சண்டை. காரணத்தை அந்த ஒரு சொல்லை வைத்தே சொல்கிறேன்.

பிரதர் என்ற இங்கிலீஷ் சொல் அடித்தாலும் அசையாது. மை பிரதர் வந்தான், மை பிரதர் அடி வாங்கினான், மை பிரதர் பணம் வாங்கினான், எல்லாவற்றிலும் அதே மை பிரதர். நாம் அப்படியா பேசுகிறோம்? தம்பி வந்தான். தம்பியைப் பார்த்தேன். தம்பிக்குக் கொடுத்தேன். தம்பியுடைய வண்டி. ஜெர்மனும் நம்மைப் போலத்தான்:

மைன் ப்ரூடர் – என் தம்பி
மைனென் ப்ரூடர் – என் தம்பியை
மைனெம் ப்ரூடர் – என் தம்பிக்கு
மைனெஸ் ப்ரூடர்ஸ் – என் தம்பியுடைய

எழுவாய், இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை. எட்டாம் வகுப்பில் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு படித்தீர்களே, அதே சமாச்சாரம். ஒரே வித்தியாசம், நமக்கு உருபு பெயரின் வாலில் ஒட்டும்; அவர்களுக்குப் பெரும்பாலும் முன்னால் நிற்கும் 'மைன்' என்பதன் வாலில் ஒட்டுகிறது. ஆறாம் வேற்றுமையில் மட்டும் ப்ரூடரும் ஒரு 'ஸ்' வாங்கிக்கொள்கிறது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேள்வி கேட்டுத்தான் கற்கிறார்கள். வேர் – யார்? வேன் – யாரை? வேம் – யாருக்கு? வெஸென் – யாருடைய? வேன் என்று கேட்டால் மைனென், வேம் என்று கேட்டால் மைனெம். ன-வுக்கு ன, ம-வுக்கு ம. இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் வேற்றுமை இருந்தது, உதிர்ந்துவிட்டது. ஹிம், ஹூம் என்ற சொற்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ம்' அந்த நான்காம் வேற்றுமையின் மிச்சம்தான். வேற்றுமையைத் தொலைத்த மொழியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேற்றுமை வைத்திருக்கும் மொழியை ஏன் பார்க்க வேண்டும்?

இன்னொன்று கேளுங்கள். 'உதவு' என்பதற்கு ஜெர்மனில் ஹெல்ஃபென். இங்கிலீஷ்காரன் ஐ ஹெல்ப் மை பிரதர் என்கிறான். அதைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை இரண்டாம் வேற்றுமையைப் போட்டு மைனென் என்று எழுதுவாள், சிவப்பு மையில் சுழி வாங்குவாள். பிறகு, "இது விதிவிலக்கு, மனப்பாடம் செய்" என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். நாம் தம்பியை உதவினேன் என்றா சொல்கிறோம்? தம்பிக்கு உதவினேன். அங்கேயும் மைனெம் ப்ரூடர். நன்றி சொல்வது தம்பிக்கு, மைனெம். பதில் சொல்வது தம்பிக்கு, மைனெம். புத்தகம் தம்பிக்குச் சொந்தம், மைனெம். தம்பிக்குப் பிடித்திருக்கிறது, மைனெம். தம்பிக்குக் குளிருகிறது என்பது மைனெம் ப்ரூடர் இஸ்ட் கல்ட். இங்கிலீஷ் வழியில் விதிவிலக்காகத் தெரிவதெல்லாம் நம் வீட்டுப் பேச்சு! அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நான் கதைவிடவில்லை. தம்பிக்குப் போன் பண்ணினேன் என்கிறோம். ஜெர்மனில் போன் பண்ணுவது தம்பியை, அதாவது மைனென். தம்பிக்காக என்பதற்கு ஃப்யூர் மைனென் ப்ரூடர், அங்கும் இரண்டாம் வேற்றுமைதான். நமக்கு எட்டு, அவர்களுக்கு நான்கு. அதனால் தம்பியோடு, தம்பியிடமிருந்து, தம்பியிடம் எல்லாமே மிட், ஃபோன், பை என்று ஆளுக்கொரு சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு மைனெம் வீட்டிலேயே குடியிருக்கின்றன. தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளைக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துக் காட்டினால் போதும். பிரித்துக் காட்டத்தான் ஆசிரியர்.

"தப்பாய்ச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள் சார்" என்று ஒரு பழைய மாணவர் எனக்கு எழுதியிருந்தார். கடையில் ரொட்டி வாங்கும்போது புரிந்துகொள்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதை அவர்கள் புரிந்துகொள்வது ஒரு பக்கம். அவர்கள் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டாமா? இந்த இரண்டையும் பாருங்கள்:

மைன் ப்ரூடர் ஹட் டேன் ஆர்ட்ஸ்ட் கெரூஃபென்.
மைனென் ப்ரூடர் ஹட் டேர் ஆர்ட்ஸ்ட் கெரூஃபென்.

முதலாவது, என் தம்பி டாக்டரைக் கூப்பிட்டான். இரண்டாவது, என் தம்பியை டாக்டர் கூப்பிட்டார். சொற்களின் வரிசை ஒன்றேதான். யார் யாரைக் கூப்பிட்டார் என்பது 'மைன்' என்பதன் வாலிலும், டேன், டேர் என்பதிலும் இருக்கிறது. இங்கிலீஷ் பழக்கத்தில் முதலில் வருகிறவர்தான் செய்தவர் என்று எடுத்துக்கொண்டால் இரண்டாவது வாக்கியம் தலைகீழாகும். நம் பெண்கள் அங்கே வார்டில் நிற்கப் போகிறவர்கள். நோயாளியின் சொந்தக்காரர் படபடவென்று சொல்வதை அவர்கள் தலைகீழாய்ப் புரிந்துகொள்ளக் கூடாது. தமிழ்ப் பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. தம்பியை டாக்டர் கூப்பிட்டார், டாக்டர் தம்பியைக் கூப்பிட்டார், எப்படி மாற்றிச் சொன்னாலும் 'ஐ' காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் ப்ரூடரைப் பிடித்துக்கொண்டேன், அக்கா தங்கையைக் குறிக்கும் ஷ்வெஸ்டரை எடுக்கவில்லை என்று பெண்கள் சண்டைக்கு வரலாம். ஷ்வெஸ்டரில் முதலும் இரண்டும் மைனெ, நான்கும் ஆறும் மைனெர். நான்கு வேலைக்கு இரண்டே உடுப்பு. ப்ரூடரில் நான்கும் தனித்தனியாகத் தெரியும், பழகுவதற்கு அதுதான் நல்லது. பன்மையையும் சேர்த்தே படியுங்கள். ப்ரூடர் பன்மையில் ப்ரியூடர் ஆகும். வாய்க்குள் 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ' போலக் குவித்தால் அந்த ஒலி வரும். சகோதரர்களுக்கு என்றால் மைனென் ப்ரியூடர்ன். இங்கே 'மைனென்' மறுபடி வந்துவிட்டதே என்று குழம்பாதீர்கள், ப்ரியூடரின் வாலில் உள்ள 'ன்' அடையாளம் சொல்லிவிடும்.

ஒரு குறையும் உண்டு. ப்ரூடர் அண்ணனா தம்பியா என்று அந்தச் சொல்லே சொல்லாது. பெரிய ப்ரூடர், சின்ன ப்ரூடர் என்று அடைமொழி போட வேண்டும். பெரியப்பா பையனை நம் ஊர் வழக்கப்படி பிரதர் என்று சொல்லி, அதையே ப்ரூடர் என்று அரசாங்கப் படிவத்தில் எழுதி வைக்காதீர்கள். அங்கே அவர் கூஸென், உடன்பிறந்தவர் ஆகமாட்டார்.

இலக்கணம் ஜெர்மன்காரருக்கே வேண்டாத சரக்கு என்று ஒரு வீடியோவில் ஒருவர் முழங்கினார். கிரிம் சகோதரர்கள் என்றால் நமக்குத் தேவதைக் கதை மட்டும்தான் ஞாபகம் வரும். அந்த யாக்கோப் கிரிம்தான் 1819-இல் ஜெர்மன் இலக்கணத்தின் முதல் பகுதியை வெளியிட்டவர். சகோதரர் இருவரும் தொடங்கிய அகராதியின் முதல் தொகுதி 1854-இல் வந்தது, வேலை முடிந்தது 1961-இல். நம் பக்கம் வாருங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஜெர்மன்காரர். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் இலத்தீனில், 1716-இல் ஹாலே நகரில் அச்சானது. பேச்சு வந்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை.

ஆகவே காசு கட்டியவர்கள் வாயைத் திறந்து கேளுங்கள். அடுத்த வகுப்பில் தாளைக் கொடுத்தால், "ஆர்ட்டிகிள் எங்கே, பன்மை எங்கே, யாரை, யாருக்கு எங்கே?" என்று கேளுங்கள். "அதெல்லாம் பி1-இல் வரும்" என்றால் வேறு வகுப்பு பாருங்கள்.

இன்று வீட்டுப்பாடம் மூன்று வாக்கியம். தம்பிக்கு நன்றி சொல்கிறேன். தம்பியைச் சந்திக்கிறேன். தம்பியோடு வருகிறேன். மைனென் எது, மைனெம் எது என்று மட்டும் கீழே எழுதுங்கள். பக்கத்து ஆளைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.