எல்லாப் பழியும் மாத்திரைக்கா?

“மாத்திரை ஒத்துக்கல டாக்டர், வயித்தைப் புரட்டுது.” புகையை நிறுத்த வரெனிக்லின் எழுதிக்கொடுத்த முதல் வாரத்திலேயே இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவரிடம், காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒரு டீ’ என்பார். குமட்டல் இந்த மருந்தோடு கூடப் பிறந்தது. பெரிய ஆய்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வந்திருக்கிறது. இட்லியோ கஞ்சியோ வயிற்றில் இறங்கிய பிறகு, ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்துப் போட்டால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காதவருக்கு அளவைக் குறைக்கலாம். இரவு மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடாமல் சாப்பாட்டோடு போட்டால் தூக்கக் கேடும் விசித்திரக் கனவுகளும் குறையும். மருந்துச் சீட்டை நீட்டும்போதே சொல்லியிருந்தால் அவர் இந்த வாரம் திரும்பி வந்திருக்கவே மாட்டார்.

குமட்டலைச் சமாளித்துவிடலாம். நம்மில் பலருக்கு உண்மையான தயக்கம் மனநிலை பற்றியது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களிடையே மனச்சோர்வு, மூர்க்கம், தற்கொலை எண்ணம் என்று புகார்கள் குவிந்தன. 2009 ஜூலையில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரெனிக்லின், புகையை நிறுத்தத் தரும் இன்னொரு மருந்தான புப்ரோப்பியான் இரண்டின் மீதும் கறுப்புக் கட்ட எச்சரிக்கையை ஏற்றியது. அதன் பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ‘ஈகிள்ஸ்’ ஆய்வு 2016இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள். அந்தப் பிரிவில் கடுமையான மனநிலைத் தொந்தரவுகள் வரெனிக்லின் எடுத்தவர்களில் 6.5 விழுக்காடு, போலி மாத்திரை எடுத்தவர்களில் 4.9 விழுக்காடு. மனநோய் இல்லாத பிரிவில் வரெனிக்லினுக்கு 1.3, போலி மாத்திரைக்கு 2.4. குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கறுப்புக் கட்டம் நீக்கப்பட்டது. பயம் மட்டும் நம் மருந்துச் சீட்டுகளை விட்டு நீங்கவில்லை.

அந்த எண்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது போலி மாத்திரைக்காரர்களின் கணக்கை. மருந்தே உள்ளே போகாதவர்களுக்கும் மனம் குலைந்திருக்கிறது. நிக்கோட்டின் நின்றால் எரிச்சலும் தூக்கமின்மையும் சோர்வும் வரும். முதல் வாரத்தில் உச்சம், பிறகு சில வாரங்களில் தணியும். வீட்டில் எரிந்து விழுகிறார் என்று மனைவி சொல்வதை மாத்திரையின் கணக்கில் எழுதுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது; நாம் அதிகம் மறந்துபோவது இதைத்தான். புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலின் சிஒய்பி1ஏ2 நொதியைத் தூண்டி வைத்திருக்கும். புகை நின்ற சில நாட்களில் அந்தத் தூண்டுதல் தளர்ந்துவிடும். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை போட்டிருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் தூண்டியது நிக்கோட்டின் அல்ல. இருபது வருடம் பீடி குடித்து, இளைப்புக்கு டெரிஃபிலின் சாப்பிடுகிறவரை எடுத்துக்கொள்வோம். பீடியை விட்டதும், மருந்தின் அளவு மாறாமலே அதிலுள்ள தியோஃபிலின் ரத்தத்தில் ஏறுகிறது: குமட்டல், படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. குற்றவாளி வரெனிக்லின் என்று அதை நிறுத்துவோம், அவர் பீடிக்குத் திரும்புவார், படபடப்பு குறையும், நம் முடிவு சரி என்றே தோன்றும். குளோசபின், ஒலன்சபின் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ரத்தத்தில் குளோசபின் அளவு ஒன்றரை மடங்குகூட ஆகலாம். காபிக்கும் இது பொருந்தும். நாளுக்கு ஐந்து டம்ளர் குடிப்பவருக்கு, புகையை விட்டபின் அந்த ஐந்தே எட்டு பத்தின் வேலையைச் செய்யும். பாதியாகக் குறைக்கச் சொல்லலாம்.

சிக்கலை இன்னும் கூட்டுவது நம் அட்டவணை. வரெனிக்லின் முதல் மூன்று நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, ஏழாம் நாள் வரை இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை. வழக்கமாகப் புகையை நிறுத்தச் சொல்வதும் அதே எட்டாம் நாளில். மருந்து முழு அளவை எட்டுவதும் புகை நிற்பதும் ஒரே நாளில் நடந்தால், ஒன்பதாம் நாள் வரும் தொந்தரவு யாருடையது என்று எப்படிச் சொல்வது? நிறுத்தும் நாளை எட்டு முதல் முப்பத்தைந்தாம் நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள இடமுண்டு. மனநல மருந்தோ தியோஃபிலினோ எடுப்பவர்களுக்கு மூன்றாம் வாரத்தில் வைப்பது நல்லது என்பது என் கருத்து. இரண்டு மாற்றங்களுக்கும் நடுவே ஒரு இடைவெளி கிடைக்கும்.

இதையெல்லாம் சொல்வதால் மருந்து குற்றமற்றது என்று ஆகிவிடாது. புப்ரோப்பியான் ஆயிரத்தில் ஒருவருக்கு வலிப்பை உண்டாக்கும். வலிப்பு வரலாறு உள்ளவருக்கும், உண்ணல் கோளாறு உள்ளவருக்கும், குடியைத் திடீரென நிறுத்துகிறவருக்கும் அது கூடவே கூடாது. புகையையும் குடியையும் ஒரே நாளில் விடுகிறேன் என்று சபதம் போட்டுக்கொண்டு வருகிறவர் இங்கே புதியவரல்ல. அவரிடம் குடியைப் பற்றிக் கேட்காமல் இந்த மருந்தை எழுதக் கூடாது. வரெனிக்லின் எடுப்பவருக்கு வழக்கமான அளவு மதுவே அதிகப் போதை தரலாம். வரெனிக்லின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், கிரியேட்டினின் வெளியேற்றம் 30க்குக் கீழே இருந்தால் 0.5 மி.கி. இரு வேளைக்கு மேல் போகக் கூடாது. தற்கொலை எண்ணம் வந்ததாக ஒருவர் சொன்னால் காரணத்தைப் பிறகு ஆராயலாம். அன்றே மருந்தை நிறுத்தி, அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்க விளைவு அறிக்கைகளில் மாத்திரை தொடங்கிய தேதியை எல்லோரும் எழுதுகிறோம். இவ்விதழுக்கு அனுப்புகிறவர்கள் இனி அதோடு கடைசி சிகரெட் அல்லது பீடி குடித்த தேதி, தினசரி காபி, மது அளவு, உடன் எடுக்கும் மருந்துகள், மாத்திரைக்கு முந்தைய வாரத்துத் தூக்கமும் மனநிலையும் ஆகியவற்றையும் எழுத வேண்டும். இவை இல்லாத அறிக்கைகளை அடுத்த இதழ் முதல் திருப்பி அனுப்புவோம்.